கணக்கு டீச்சரும் எங்கள் மாமாவும்

சனிக்கிழமை காலையில் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிய பிள்ளைகள் நம் காலத்தில் அதிகம் இல்லை. நீங்களெல்லாம் அந்நேரம் வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள், அல்லது அம்மாவோடு ஈரச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். நானும் அக்காவும் வீடிருந்த புக்கிட் மேராவில் பஸ் ஏறித் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போவோம். மாவு மில்லிலிருந்து மல்லியும் மிளகாயும் அரைபடும் வாசம் தும்மலை வரவழைக்கும். அதைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபை. அதன் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம். தாய் தகப்பன் இல்லாமல் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சபையார் அங்கேதான் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பகல் சாப்பாடும் உண்டு. புத்தகமும் சீருடையும் அவர்களே கொடுப்பார்கள்.

என் சீருடை யாரோ ஒரு பெரிய பெண் உடுத்தி வளர்ந்துபோனதால் விட்டுவைத்தது. கழுத்துப்பட்டைக்குள் அவள் பெயரின் முதல் எழுத்துகளைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். பாடம் நடக்கும்போது அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். அவள் எப்படி இருப்பாள், கணக்கு வருமா வராதா என்றெல்லாம் யோசிப்பேன். அந்தக் கூடத்தில் எப்போதும் தரை மெழுகு வாசமும் பருப்பு வேகும் வாசமும் கலந்திருக்கும். நீல விளிம்பு வைத்த பீங்கான் பூச்சுத் தட்டுகளில் சோறு போடுவார்கள். பூச்சு உதிர்ந்த இடம் கறுப்பாக, ஏதோ ஒரு தேசப்படம் மாதிரி தெரியும். அந்தத் தட்டுகளை இப்போது எங்கே தேடியும் பார்க்க முடியவில்லை.

எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே ஒரு விபத்தில் போய்விட்டார். அம்மாவைச் சிறுநீரக நோய் படுக்க வைத்தது. மருத்துவமனையில் அம்மா இருந்த வார்டுக்கு அந்தச் சபைப் பெண்கள் நோயாளிகளைப் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவர் கணக்கு ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒல்லியாக, உயரமாக, கையில் எப்போதும் மடக்கிய குடையோடு இருப்பார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைங்க படிப்ப மட்டும் பாத்துக்கங்க" என்று கேட்டிருக்கிறார். அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார். அதே கட்டிலருகே வேறொரு நாள் அம்மாவின் ஒரே தம்பியும் நின்று, "நான் பாத்துக்கறேங்க்கா" என்று சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்கள் மாமா. ஒருவர் வாக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அந்த வருஷம் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

மாமா பேருந்தில் கண்டக்டர். இருபதுகளின் நடுவில் இருந்திருப்பார். பந்தாட்டப் பித்து. கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அம்மா போன பிறகு எங்களைத் தன் ஓரறை வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் சமைக்கும் சாம்பாரை எங்கள் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடப் பசையாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் போய் உட்கார்ந்து சடை பின்னக் கற்றுக்கொண்டார். அந்த அம்மாவை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். காலையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் இரும்புக் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, எனக்கு இரட்டைச் சடை போடுவார். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்ததே இல்லை.

சபைக்குப் போகும் காலைகளில் நாங்கள் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டுதான் போவோம். மாமா அதைச் சரிபார்த்துத்தான் அனுப்புவார். "அங்க யாராச்சும் அழிக்கச் சொன்னா என்கிட்ட வந்து சொல்லு" என்பார். யாரும் சொன்னதில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா அப்போது உயர்நிலை நான்கு. ஆண்டுக் கடைசியில் ஓ லெவல் பொதுத்தேர்வு. நான் உயர்நிலை ஒன்று. அக்காவுக்கு மற்ற பாடங்கள் வரும், கணக்கு வராது. டீச்சர் அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். அக்கா பிழை விட்டால் திட்டமாட்டார். பென்சிலை அவள் கையில் திரும்பக் கொடுத்து, "இன்னொருக்கா செய்யும் பிள்ளை, அவசரமில்லை" என்பார். அம்மா போன பிறகு அக்காவை யாரும் அவசரப்படுத்தாத இடம் அது ஒன்றுதான். வீட்டில் அவள் சமைக்கவும், துவைக்கவும், எனக்கு அம்மாவாக இருக்கவும் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மாமாவுக்கு ஓய்வு நாள். எங்களை அழைத்துப்போகத் தேக்காவுக்கு வந்திருந்தார். முனையில் இருந்த பூக்கடையில் அக்காவுக்கு மல்லிகைச் சரம் வாங்கினார். அது வழக்கம்தான். பூக்காரர் மாமாவுக்குத் தெரிந்தவர். சரத்தை அளந்துகொண்டே, "அக்கா மக நல்லா வளந்துட்டாளே! முறைப்பொண்ண வீட்லயே வச்சிருக்க. கல்யாணச் சாப்பாடு எப்பப்பா?" என்று கேட்டுவிட்டார். மாமா சிரித்தார். காது சிவந்ததை நான் கவனித்தேன். அக்கா பூவை வாங்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினால், பின்னால் குடையோடு டீச்சர்.

தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவது நம்மவர்களிடம் சாதாரணமாக இருந்த காலம் அது. பூக்காரருக்கு அது வேடிக்கை. மாமா சிரித்தது என்ன சொல்வதென்று தெரியாமல். டீச்சர் பார்த்ததோ சிரிப்பை மட்டும்.

அடுத்த வாரம் டீச்சர் மாமாவை வரச்சொல்லி அனுப்பினார். அவர் வந்தபோது நான் கூடத்துக்கு வெளியே குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவர்கள் பேசியதெல்லாம் திறந்த சன்னல் வழியாகக் கேட்டது.

"தம்பி, இருங்கோ. நான் நேராக் கதைக்கிறன், கோவிக்கப்படாது" என்று டீச்சர் தொடங்கினார். "பெரியவவுக்குப் பதினாறு வயசாகுது. ஓரறை வீடு. நீங்கள் கலியாணம் கட்டாத பெடியன். சபைக்கு ஒரு பெண்கள் விடுதி இருக்கு. ரெண்டு பேரையும் அங்க விட்டால் படிப்பும் நடக்கும், பாதுகாப்பாவும் இருக்கும். போதகரோடயும் கதைச்சிட்டன்."

"பாதுகாப்பா? யார்கிட்டேருந்து?" என்று கேட்டார் மாமா.

"நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்ல. ஆக்கள் கதைப்பினம்."

"ஆளுங்க பேசல டீச்சர். நீங்கதான் பேசுறீங்க."

அவர் கூடத்துக்குள் வந்த வேகத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. "வாங்க போகலாம்" என்றார் மாமா. "அக்கா சாப்பிட்டு வரட்டுமே மாமா?" என்று நான் கேட்டேன். அவர் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். ஈரக் கையோடு அவர் பின்னால் ஓடினேன். வழியில் அந்தப் பூக்கடை வந்தபோது மாமா சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தார். அன்றிலிருந்து அக்காவுக்குப் பூ வாங்குவதையும் நிறுத்திவிட்டார். அக்கா அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. என்ன நினைத்தாள் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

சனிக்கிழமைகள் வெறுமையாயின. அக்கா வீட்டு வாசலை ஒட்டிய பொது நடைபாதையில் பாய் விரித்து, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கம் திரும்பாது. மாமா அதைப் பார்ப்பார். தொடக்கப்பள்ளியோடு படிப்பை விட்டவர் அவர். ஒருநாள் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாளை நீட்டி, "வராத கணக்க இதுல எழுதிக் குடு" என்றார். சுவரில் சாய்ந்த ஓர் ஏணி, அதன் நீளம் என்ன என்பது மாதிரி ஒரு கணக்கு. அக்கா எழுதிக்கொடுத்தாள். மறுநாள் மாலை அந்தத் தாளின் அடியில் யாரோ அழகான கையெழுத்தில் விடை எழுதியிருந்தார்கள். பேருந்தில் வந்த ஒரு சீனப் பையனிடம், கல்லூரிச் சீருடையைப் பார்த்து, டிக்கெட் கிழித்துக் கொடுத்தபடியே கேட்டிருக்கிறார்.

"விடை வந்துருச்சு மாமா. வழி இல்ல" என்றாள் அக்கா.

"வழியா? என்ன வழி?"

"எப்படி வந்துச்சுன்னு காட்டணும். அதுக்குத்தான் மார்க்கு."

மாமா தலையைச் சொறிந்தார். அடுத்த நாள் வழியும் வந்தது, தாள் கொள்ளாமல் பெட்டியின் அட்டை முழுக்க. "அந்தப் பையன் எழுதி முடிக்கறதுக்குள்ள அவன் ஸ்டாப்பு தாண்டிப் போச்சுலா. பாவம், திரும்ப நடந்து போனான்" என்று வருத்தப்பட்டார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். மாமாவும் நானும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேருந்தில் ஏறுகிறவர்களை நம்பி ஒரு பெண்ணை ஓ லெவல் எழுத வைக்க முடியாது என்பது அன்று மாமாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தேக்காவுக்குப் போ என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. மக்சிக் எங்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படியேறி யாரோ மூச்சு வாங்க வரும் சத்தம். குடை இருந்தும் தோள் இரண்டும் நனைந்து, கையில் பிளாஸ்டிக் பை சுற்றிய புத்தகக் கட்டோடு டீச்சர் நின்றார். மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்கா அவசரமாகத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் வாசலிலேயே நின்று வீட்டைப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு அலமாரி, அம்மா அப்பா படம், சுருட்டி வைத்த பாய்கள்.

பாய்களின் மேலேயே அவர் கண் நின்றது. எங்களிடம் கேட்கவில்லை. மக்சிக்கிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார், இங்கே யார் யார் எங்கே படுப்பார்கள் என்று.

மக்சிக் கத்தியால் சுட்டிக் காட்டினார். இந்தப் பக்கம் பிள்ளைகள் இரண்டு பேரும். வாசல் பக்கம் நான் என்றார்.

"நீங்களா?"

ஆமாம், வேறு யார் என்பதுபோல மக்சிக் பார்த்தார். என் புருஷன் கப்பலில் போகிறவர், எனக்கும் தனியாகப் படுக்கப் பயம் என்றார்.

"அந்தத் தம்பி?"

அவனா? கீழ்மாடியில் அவன் கூட்டாளி வீட்டு அடுப்படியில். அக்கா செத்து இந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்த நாளிலிருந்து அவன் ஒரு ராத்திரிகூட இங்கே படுத்ததில்லை. விளக்கு வைத்ததும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். விடிந்ததும் சடை போட வந்துவிடுவான். இதைச் சொல்லிவிட்டு மக்சிக் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

டீச்சர் அங்கேயே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் ஈரம். என்னைப் பார்த்து, "ஏன் பிள்ளை, இதை ஒருக்காவும் நீர் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கவே இல்லியே டீச்சர்" என்றேன்.

எங்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தெரிந்ததில்லை. மாமா கீழே படுப்பார், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் எப்படியென்று நாங்கள் யோசித்ததில்லை.

மழை விட்டபிறகு மாமா வந்தார். காக்கிச் சீருடை, கையில் எங்களுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம். டீச்சரைப் பார்த்ததும் காது சிவந்தது. அவர் வாய் திறக்குமுன் டீச்சர் எழுந்து நின்றார்.

"தம்பி, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். மன்னிக்க வேணும்."

பெரிய பள்ளியில் ஆசிரியராக இருப்பவர், அம்மா வயதுக்கும் மேற்பட்டவர், தன் முன்னால் நின்று இப்படிச் சொல்வார் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உக்காருங்க டீச்சர், ஏன் நிக்கறீங்க" என்றார். வீட்டில் நாற்காலி இல்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கும். மக்சிக் வீட்டிலிருந்து நான் ஒன்று கொண்டுவந்தேன்.

டீச்சர் உட்கார்ந்தபடி சொன்னார்: "என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளை. நல்ல கெட்டிக்காரி. சோதினைக்கு முதலே மாமனுக்குக் கட்டிக் குடுத்திட்டினம். அவவை நான் விட்டிட்டன். இவவின்ர தாய்க்கு வாக்குக் குடுத்தனான். அந்தப் பயத்திலதான் கதைச்சனான், தம்பி."

"எங்கக்காவுக்கா?" மாமா நிமிர்ந்தார். "எப்ப?"

"ஆஸ்பத்திரியில. படிப்பைப் பாக்கச் சொல்லிக் கேட்டவ."

மாமா அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்கிட்டயும் கேட்டுச்சு" என்றார். பிறகு மாமாதான், தான் நெடுநாளாக வைத்திருந்த பயத்தை வெளியே விட்டார். "எனக்கும் ஒண்ணு கேக்கணும். எங்க புள்ளைங்கள உங்க வேதத்துல சேத்துக்குவீங்களா?"

"திருநீறோட வருதுகள், திருநீறோட போகுதுகள். அது இவையள் வளந்து தாங்களா யோசிக்கிற விசயம். எனக்கு இப்ப திரிகோண கணிதம்தான் பிரச்சினை."

மாமா சிரித்தார். "தே ஓ குடிக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு மாமாவே போட்டுக் கொண்டுவந்தார். அவர் போடும் தேநீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீச்சர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளம்பும்போது மாமா குடையை எடுத்துக் கொடுத்து, "சனிக்கிழமை அனுப்பறேன். ஆனா ஒண்ணு. இனிமே எங்க வீட்ட பத்தி ஏதாச்சும் தோணுச்சுன்னா, மொதல்ல என்கிட்ட கேளுங்க" என்றார்.

"ஓம் தம்பி. கேக்கிறன்" என்றார் டீச்சர்.

டீச்சரின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். முன்பெல்லாம் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஒரு பெண் பிள்ளையைப் பற்றிப் பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. பயந்தவர் கேட்டுவிட்டுத் தீர்மானித்திருக்கலாம். மாமாவும் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் அங்கே படுப்பதில்லை என்று. அதைச் சொல்லித் தன்னை நிரூபிக்கவேண்டிய நிலைக்கு வந்ததுதான் அவருக்கு வலித்திருக்கும். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் அக்காவின் படிப்பு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா ஓ லெவல் தேறினாள். கணக்கிலும் தேறினாள். தாதியர் பயிற்சியில் சேர்ந்து, அம்மா கிடந்த மாதிரியான வார்டு ஒன்றிலேயே நெடுங்காலம் வேலை செய்தாள். எனக்கும் அந்தக் கூடத்தில்தான் உயர்நிலை முடிந்தது. மாமா அக்கா சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அவர் கல்யாணத்தில் பெண்ணழைத்து வந்தவர்களில் டீச்சரும் ஒருவர். டீச்சர் இப்போது இல்லை. மாமா தோ பாயோவில் இருக்கிறார், முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பந்தாட்டம் பார்க்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வருஷக் கடைசி ஞாயிறு ஒன்றைப் பற்றி. அக்காவின் தேர்வு முடிந்திருந்தது. சபையில் நன்றி ஆராதனை. உதவி பெறும் பிள்ளைகள் எல்லாரும் முன்னால் வந்து ஒரு பாட்டுப் பாடவேண்டும். வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். மாமா முதலில் மாட்டேன் என்றார். பிறகு வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆலய வாசலில் காலணியைக் கழற்றினார்.

"மாமா, இங்க போட்டுக்கிட்டே உள்ள போலாம்" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"சாமி இருக்கற எடம்லா. எப்படிப் போட்டுக்கறது?" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி.

நாங்கள் பாடி முடித்ததும் போதகர் எங்கள் பக்கம் கையை நீட்டி ஜெபம் செய்யத் தொடங்குமுன் சபையாரிடம் பேசினார். நல்ல மனிதர், குரல் தழுதழுக்கும். "தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இந்த அநாதைப் பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு நிறுத்தினார். கர்த்தர் இருக்கிறார் என்று அடுத்து சொல்லப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வார்த்தை என்மேல் விழுந்தபோது எனக்கு முகம் சுட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாடகர் குழுவின் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது, வகுப்பறைக் குரல்.

"கர்த்தர் இருக்கிறார், ஐயா. அதோட கடைசி வாங்கில இவையின்ர மாமாவும் இருக்கிறார்."

ஆலயம் முழுக்கச் சிரிப்பு. போதகரும் சிரித்துவிட்டார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று புரிய மாமாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். வெறுங்கால் தெரிய, பழக்கத்தில் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். போதகர் மேடையிலிருந்து தன் கைகளையும் கூப்பினார். "மன்னிக்கவேண்டும், நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றார். பிறகுதான் ஜெபம் செய்தார். அதில் மாமாவின் பெயரும் வந்தது.

திரும்பும் பேருந்தில் மாமா எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கண்டக்டர் அவர் கூட்டாளி, ஏதோ கேலி பேசினார், மாமா டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். பேருந்து சைனாடவுனைத் தாண்டியது. பிறகு திரும்பாமலே, "அந்த கணக்கு டீச்சர் ரொம்ப சத்தமா பேசுறாங்கலா" என்றார்.

"ஆமா மாமா" என்றாள் அக்கா.

அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்காதே என்று அக்கா என் கையைக் கிள்ளினாள். நான் பார்த்தேன். காலரைச் சரிசெய்கிறவர் மாதிரி, அந்த வெள்ளைச் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.